ஒரு மெம்பருக்கு எழுதியதில் லைப்ரரியே படிக்க முடியாமல் போனது: பிடிஎஸ் நகலெடுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

சீக்வென்ஷியல் கோப்பு (ரெக்கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் கோப்பு) ஒன்றை பிடிஎஸ் மெம்பராக நகலெடுப்பது மெயின்ஃப்ரேமில் அன்றாட வேலை. பிடிஎஸ் என்பது பல மெம்பர்களை, அதாவது உட்கோப்புகளை, ஒரு டைரக்டரியோடு வைத்திருக்கும் லைப்ரரி. நகலெடுக்கும் கருவியான ஐஇபிஜெனருக்கு நான்கு டிடி வரிகள் (ஜாபுக்கு வேண்டிய கோப்புகளைச் சொல்லும் வரிகள்) போதும். அந்த நான்கில் ஒரு வரியின் கடைசியில் தங்கிவிட்ட டிசிபி (கோப்பின் ரெக்கார்ட், பிளாக் வடிவத்தைச் சொல்லும் பகுதி) ஒன்று, இரவு பேட்ச் ஓட்டத்தை நிறுத்தியது. மறுநாள் இரவும் அதே காரணம் வேறு முகத்தோடு வந்து நிறுத்தியது. நடந்தது இங்கே வரிசையாகப் பதிவாகிறது. நிறுவனம், ஆட்கள், டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் கோப்பு) பெயர்கள் எதுவும் குறிப்பிடப்படவில்லை.

## பின்னணி

சம்பந்தப்பட்ட லைப்ரரி ஒரு சாதாரண பிடிஎஸ். ரெக்எஃப்எம் (ரெக்கார்ட் வடிவம்) எஃப்பி, அதாவது நிலையான நீள ரெக்கார்டுகள் பிளாக்குகளாகச் சேர்ந்தவை; எல்ரெக்எல் (ரெக்கார்ட் நீளம்) 80 பைட், பிளாக்சைஸ் (ஒரே மூச்சில் எழுதிப் படிக்கும் பிளாக்கின் அளவு) 27920. 3390 வகை டிஸ்க்கில் ஒரு டிராக்கில் (வட்டத் தடத்தில்) இரண்டு பிளாக் அடங்கும் அளவு அது. ஒரு பிளாக்குக்கு 349 ரெக்கார்ட், ஒரு டிராக்குக்கு 698. இடம் ஒதுக்கியபோது பிரைமரி (தொடக்க இடம்) 300 டிராக், செகண்டரி (நிரம்பும்போது ஒவ்வொரு முறையும் கூடும் இடம்) 30 டிராக், டைரக்டரி பிளாக் 50 என்று கொடுத்திருந்தார்கள். பிடிஎஸ் ஒரே வால்யூமில்தான் (டிஸ்க்கில்தான்) இருக்க முடியும், 16 எக்ஸ்டென்டுக்கு (தொடர்ச்சியான இடத் துண்டுக்கு) மேல் வளராது. ஆகவே இந்த லைப்ரரியின் உச்ச அளவு 300-உம் 15 முறை 30-உம் சேர்ந்து 750 டிராக்.

உள்ளே இருந்த மெம்பர்கள் இரண்டு வகை. முதல் வகை, ஒவ்வொரு இரவும் வெளியிலிருந்து சீக்வென்ஷியல் கோப்பாக வந்து மெம்பராக நகலாகும் அட்டவணைகள். அவற்றில் பெரியவை இரண்டு: 9,000 ரெக்கார்ட் கொண்ட விகித அட்டவணை, 15,600 ரெக்கார்ட் கொண்ட கிளைப் பட்டியல். இரண்டாம் வகை, பகலில் ஆட்கள் ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் கையால் திருத்தும் கட்டுப்பாட்டு மெம்பர்கள். இவற்றுக்கு மூலக் கோப்பு எதுவும் கிடையாது. லைப்ரரியில் இருப்பதுதான் மூலம். பிறகு எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த வேறுபாட்டையே சுற்றி வந்தன.

நகலெடுக்கும் ஜாபில் கோப்புக்கு ஒரு ஸ்டெப். எல்லா ஸ்டெப்பும் ஒரே அச்சு (சிஸ்யுடி1 உள்ளீடு, சிஸ்யுடி2 வெளியீடு, டிஎஸ்என் டேட்டாசெட் பெயர், டிஸ்ப் அதைப் பகிர்வதா தனியே பிடிப்பதா என்பது):

//நகல் எக்ஸெக் பிஜிஎம்=ஐஇபிஜெனர்
//சிஸ்பிரிண்ட் டிடி சிஸ்அவுட்=*
//சிஸ்இன் டிடி டம்மி
//சிஸ்யுடி1 டிடி டிஸ்ப்=ஷேர்,டிஎஸ்என்=வரவு.விகிதம்
//சிஸ்யுடி2 டிடி டிஸ்ப்=ஷேர்,டிஎஸ்என்=லைப்ரரி(விகிதம்)

மெம்பர் ஏற்கெனவே இருந்தால் புதியது அதன் இடத்தைப் பிடிக்கும். ஆனால் பழைய நகல் இருந்த டிராக்குகள் திரும்பக் கிடைக்காது. பிடிஎஸ்ஸில் எழுதப்படுவது எப்போதும் கடைசியில் போய்ச் சேரும். டைரக்டரியில் சுட்டி மட்டும் மாறும். செத்த இடத்தை மீட்க ஞாயிறுதோறும் ஐஇபிகாப்பி கருவியின் கம்ப்ரஸ் ஓடியது.

## புதிய ஸ்டெப்

விடுமுறை நாள்காட்டி என்ற புதிய கோப்பைச் சேர்க்கச் சொல்லி கோரிக்கை வந்தது. சுமார் 400 ரெக்கார்ட், எல்ரெக்எல் 80. அதற்கான ஸ்டெப்பை மேலே உள்ள அச்சிலிருந்து எடுக்காமல், வேறொரு ஜாபில் புதிதாக ஒரு சீக்வென்ஷியல் கோப்பை உருவாக்கும் ஸ்டெப்பிலிருந்து எடுத்தார்கள். டிஸ்ப்-ஐ ஷேர் ஆக்கினார்கள், டிஎஸ்என்-ஐ மாற்றினார்கள், மெம்பர் பெயர் சேர்த்தார்கள். கீழே தொடர்ந்த வரி அப்படியே நின்றுவிட்டது:

// டிசிபி=(ரெக்எஃப்எம்=எஃப்பி,எல்ரெக்எல்=80,பிளாக்சைஸ்=80)

சோதனைச் சூழலில் இந்த ஸ்டெப்பைத் தனியாக ஒரு காலி லைப்ரரியில் ஓட்டினார்கள். மெம்பர் உருவானது, உள்ளடக்கம் சரியாக இருந்தது, ரிட்டர்ன் கோட் 0 (பிழையில்லை). காலி லைப்ரரியில் இந்தப் பிழை வெளியே தெரிய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் கெடுவதற்கு அங்கே பழைய மெம்பர் எதுவும் இல்லை. நகலெடுப்பு ஸ்டெப் எதையும் நிஜ லைப்ரரியின் நகலில்தான் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

புதிய ஸ்டெப், ஜாபின் கடைசி ஸ்டெப்பாக உற்பத்திக்குப் போனது.

## முதல் இரவு: கவனித்தவை

நகலெடுக்கும் ஜாப் முழுதும் 0-வில் முடிந்தது. அடுத்து ஓடிய ஜாப் விகித அட்டவணையைத் திறந்து முதல் ரெக்கார்டைப் படிக்கும்போதே எஸ்001-4 என்ற பிழைக் குறியோடு அபெண்ட் ஆகி (அசாதாரணமாக முடிந்து) நின்றது. அதே இரவு, அதே ஜாபின் முந்தைய ஸ்டெப் ஒன்று சரியாக எழுதிய மெம்பர் அது.

எஸ்001 என்றாலே உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று மனம் வன்பொருள் பக்கம் போகும். பணியில் இருந்தவர் டிஸ்க் பிரிவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, விகித அட்டவணையை நகலெடுக்கும் ஸ்டெப்பை மட்டும் மறுபடி ஓட்டினார். ரிட்டர்ன் கோட் 0. படிக்கும் ஜாபை மறுபடி விட்டார். இம்முறை விகித அட்டவணையைக் கடந்தது. கிளைப் பட்டியலில் அதே எஸ்001-4.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு இயல்பானது: மெம்பர்கள் கெட்டுப்போயிருக்கின்றன, மறுபடி நகலெடுத்தால் சரியாகிவிடுகின்றன. கிளைப் பட்டியலையும் மறுபடி நகலெடுத்தார். படிக்கும் ஜாப் அதையும் கடந்து, கட்டுப்பாட்டு மெம்பர் ஒன்றில் போய் நின்றது. அதற்கு மறுபடி நகலெடுக்க மூலக் கோப்பு இல்லை. அங்கேதான் விஷயம் சிஸ்டம் புரோகிராமரிடம் போனது.

மறுபடி நகலெடுத்ததும் நோய் நீங்குவதுபோல் தோன்றியதுதான் இந்த நிகழ்வில் மிகவும் ஏமாற்றிய அறிகுறி. மறுநாள் வந்த சிக்கலுக்கும் அதுவே வித்து.

## காரணத்தைக் கண்ட விதம்

முதலில் டிஸ்க். வன்பொருள் பிழைகளைப் பட்டியலிடும் இஆர்இபி அறிக்கையில் அந்த வால்யூமுக்கு எந்தப் பிழைப் பதிவும் இல்லை. டிஸ்க் உண்மையில் கெட்டிருந்தால் தடயம் இல்லாமல் போகாது. வன்பொருள் சந்தேகம் அத்துடன் கைவிடப்பட்டது.

அடுத்து, படிக்க மறுத்த கட்டுப்பாட்டு மெம்பரை ஐஇபிஜெனரில் சிஸ்யுடி1 ஆகக் கொடுத்து சிஸ்அவுட்டுக்கு (ஜாபின் அச்சு வெளியீட்டுக்கு) நகலெடுத்துப் பார்த்தார்கள். ஐஇபி351ஐ என்ற செய்தி வந்தது. அதன் நடுவில் இருந்த விளக்கத்தில் ரெக்கார்ட் நீளம் தவறு என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. படிக்கவே முடியாத பிளாக் என்பது வேறு, எதிர்பார்த்ததைவிட நீளமான பிளாக் என்பது வேறு. இந்தச் செய்தி இரண்டாவதைத்தான் சொன்னது.

உடனே டிஎஸ்ஓ என்ற கட்டளைத் திரையில், டேட்டாசெட்டின் வடிவத்தைக் காட்டும் லிஸ்ட்டிஎஸ் கட்டளையைக் கொடுத்தார்கள். ரெக்எஃப்எம் எஃப்பி, எல்ரெக்எல் 80, பிளாக்சைஸ் 80. இருக்க வேண்டியது 27920.

எப்போது மாறியது என்பதை மெம்பர் பட்டியலின் தேதிகளிலிருந்து அறிய வழியில்லை. ஐஇபிஜெனர் எழுதும் மெம்பருக்கு ஐஎஸ்பிஎஃப் புள்ளிவிவரம் சேராது. தேதியும் நேரமும் இருக்க வேண்டிய கட்டங்கள் காலியாகவே இருக்கும். அதனால் ஐஇஎச்லிஸ்ட் கருவியில் லிஸ்ட்பிடிஎஸ் ஓட்டி ஒவ்வொரு மெம்பரின் டிடிஆர் எண்ணை (அது தொடங்கும் டிராக்கும் அதில் அதன் இடமும்) எடுத்தார்கள். பிடிஎஸ்ஸில் எழுதுவது எப்போதும் கடைசியில் சேர்வதால், டிடிஆர் பெரிதாக இருக்கும் மெம்பர் பிந்தி எழுதப்பட்டது. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தபோது படம் தெளிவானது. விடுமுறை நாள்காட்டி, அதற்குப் பின் மறுபடி நகலான விகித அட்டவணை, கிளைப் பட்டியல் ஆகிய மூன்றும் படிக்க முடிந்தவை. நாள்காட்டிக்கு முந்தைய டிடிஆர் கொண்ட எல்லாம் படிக்க முடியாதவை. கோடு நாள்காட்டியில் விழுந்தது. லைப்ரரியை அன்றிரவு வெளியீட்டுக்குத் திறந்த ஜாப்கள் எவை என்பதை சிஸ்டம் தானாகச் சேர்க்கும் எஸ்எம்எஃப் 15ஆம் வகைப் பதிவுகளும் உறுதி செய்தன.

கடைசிச் சோதனைதான் முக்கியமானது. அதே கட்டுப்பாட்டு மெம்பரை, இம்முறை சிஸ்யுடி1 வரியில் டிசிபி=பிளாக்சைஸ்=27920 என்று கொடுத்துப் படித்தார்கள். முழு மெம்பரும் பிழையில்லாமல் வந்தது. தரவு ஒரு பைட்கூடக் கெடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. படிக்கத் திறக்கும்போது டிடி வரியில் கொடுக்கும் பிளாக்சைஸ், டேட்டாசெட்டின் வடிவத்தைப் பதிந்து வைத்திருக்கும் லேபிளை மீறிச் செல்லும், ஆனால் லேபிளை மாற்றாது. அதனால் இது ஆபத்தில்லாத சோதனை.

## உள்ளே நடந்தது என்ன

ஒரு டேட்டாசெட்டைத் திறக்கும்போது அதன் டிசிபி மூன்று இடங்களிலிருந்து நிரம்புகிறது. புரோகிராம் சொன்னது முதலில். அது விட்ட இடத்தை டிடி வரி நிரப்பும். அதுவும் விட்ட இடத்தை விடிஓசி-யில் (டிஸ்க்கின் பொருளடக்கத்தில்) உள்ள லேபிள், அதாவது டிஎஸ்சிபி நிரப்பும். வெளியீட்டுக்காகத் திறந்திருந்தால், இப்படிச் சேர்ந்த முடிவு திரும்ப லேபிளில் எழுதப்படும்.

பிடிஎஸ்ஸில் மெம்பர்கள் எத்தனை இருந்தாலும் லேபிள் ஒன்றுதான். டைரக்டரியில் மெம்பருக்கு உள்ள பதிவில் 8 பைட் பெயர், 3 பைட் டிடிஆர், ஒரு கட்டுப்பாட்டு பைட், விரும்பினால் பயனர் தரவு, அவ்வளவே. அந்த மெம்பர் எந்த பிளாக் அளவில் எழுதப்பட்டது என்பது அங்கே இல்லை.

நாள்காட்டி ஸ்டெப்பில் பிளாக்சைஸை டிடி வரியே சொல்லிவிட்டதால் லேபிளில் இருந்த 27920-ஐ யாரும் கேட்கவில்லை. 80 என்று எழுதியது. 80 என்று லேபிளையும் திருத்தியது. அந்த நொடியிலிருந்து படிக்க வரும் எந்த புரோகிராமும் 80 பைட் பஃபர் எடுத்துக்கொண்டு போகும். பழைய மெம்பரின் பிளாக் டிராக்கில் 27,920 பைட்டாகவே உட்கார்ந்திருக்கும். டிராக்கில் ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் அதன் உண்மை நீளம் பதிந்திருப்பதால் சேனல் பொருந்தாமையைக் கண்டுபிடித்துவிடும். அதுவே எஸ்001-4.

மறுபடி ஓட்டிய நகல்கள் ஏன் படிக்க முடிந்தன என்பதும் இதிலேயே இருக்கிறது. அந்த ஸ்டெப்களில் டிசிபி இல்லை, பிழையற்ற ஜேசிஎல் (ஜாபை விவரிக்கும் மொழி). ஆகவே லேபிளைக் கேட்டன. லேபிள் 80 என்றது. 80 பைட் பிளாக்குகளாக எழுதின. மாறிவிட்ட லேபிளுக்கு அவை பொருந்தின.

இதற்குக் கொடுத்த விலை இடம். 3390-இல் 80 பைட் பிளாக் ஒரு டிராக்குக்கு 78 மட்டுமே அடங்கும். பிளாக்குக்கும் பிளாக்குக்கும் இடையே போகும் இடம்தான் மிச்சத்தைத் தின்கிறது. 27920-இல் 13 டிராக் எடுக்கும் விகித அட்டவணை 116 டிராக் எடுத்தது. 23 டிராக்கில் அடங்க வேண்டிய கிளைப் பட்டியல் 200 டிராக் எடுத்தது. படிக்கும் வேகமும் அதற்கேற்ப விழுந்தது. விகித அட்டவணைக்கு 26 பிளாக் படித்த இடத்தில் இப்போது 9,000 பிளாக்.

## முதல் இரவு: எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் பேசப்பட்டன.

முந்தைய இரவின் காப்புப் பிரதியை மீட்பது முதல் வழி. லேபிளும் சரியாகிவிடும். ஆனால் பகலில் கட்டுப்பாட்டு மெம்பர்களில் செய்த திருத்தங்கள் போய்விடும். எவை திருத்தப்பட்டன என்ற முழுப் பட்டியல் யாரிடமும் இல்லை. தரவு நல்ல நிலையில் இருக்கிறது என்று நிரூபணமான பிறகு இந்த இழப்பை ஏற்பதற்கு நியாயம் இல்லை, நிராகரித்தார்கள்.

கம்ப்ரஸ் செய்து பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். இதுதான் மிகவும் ஆபத்தான யோசனை. கம்ப்ரஸ் அதே இடத்தில் மெம்பர்களை முன்னால் நகர்த்தும் வேலை. லேபிள் பொய் சொல்லும்போது அதைத் தொடங்கினால் எந்த மெம்பரில் பிழை வந்து எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்ற கம்ப்ரஸிலிருந்து லைப்ரரி பிழைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. படிக்க முடியாத நிலையில் இருக்கும் பிடிஎஸ்ஸில் கம்ப்ரஸை யாரும் தொடவே கூடாது.

தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: லேபிளை மாற்றிய அதே வழியில் அதைத் திரும்ப மாற்றுவது. சரியான டிசிபி-யோடு லைப்ரரியை வெளியீட்டுக்குத் திறந்து மூடினால் லேபிள் 27920-க்குத் திரும்பும். பழைய மெம்பர்கள் அதற்குப் பொருந்தும். இடையில் 80 பைட் பிளாக்குகளாக எழுதப்பட்ட மூன்றும் தொடர்ந்து படிக்க முடியும். எஃப்பி வடிவத்தில் பிளாக்சைஸ் என்பது உச்ச வரம்பு, ரெக்கார்ட் நீளத்தின் மடங்காக இருக்கும்வரை குட்டையான பிளாக் எங்கே வந்தாலும் தவறில்லை. எஃப்பிஎஸ் (நடுவில் குட்டையான பிளாக் வரக் கூடாத வடிவம்) என்று இருந்திருந்தால் இந்தச் சலுகை கிடைத்திருக்காது. கலப்பு அளவுகள் உள்ள லைப்ரரியில் உள்ளவற்றிலேயே பெரிய அளவை லேபிளில் வைப்பதுதான் விதி.

செய்த வரிசை இது. முதலில் ஏடிஆர்டிஎஸ்எஸ்யு என்ற காப்புக் கருவியில் ஃபிசிக்கல் டம்ப். அது டிராக்குகளை அப்படியே எடுக்கும், மெம்பர் அமைப்பைப் பற்றிக் கவலைப்படாது. பிறகு லைப்ரரியைப் பிடித்திருந்த ஜாப்கள் விடும்வரை காத்திருந்தார்கள். டிஸ்ப்=ஓல்ட் கொடுத்ததே அதற்குத்தான், லேபிள் மாறும் நொடியில் வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது. பிறகு இது ஓடியது:

//லேபிள் எக்ஸெக் பிஜிஎம்=ஐஇபிஜெனர்
//சிஸ்பிரிண்ட் டிடி சிஸ்அவுட்=*
//சிஸ்இன் டிடி டம்மி
//சிஸ்யுடி1 டிடி டம்மி,
// டிசிபி=(ரெக்எஃப்எம்=எஃப்பி,எல்ரெக்எல்=80,பிளாக்சைஸ்=27920)
//சிஸ்யுடி2 டிடி டிஸ்ப்=ஓல்ட்,டிஎஸ்என்=லைப்ரரி(வெற்று),
// டிசிபி=(ரெக்எஃப்எம்=எஃப்பி,எல்ரெக்எல்=80,பிளாக்சைஸ்=27920)

உள்ளீடு டம்மி என்பதால் ஒரு காலி மெம்பர் உருவாகும், லேபிள் திருந்தும். சிஸ்யுடி2-இல் மெம்பர் பெயர் இருக்கிறதா என்று இருவர் சரிபார்த்த பிறகே ஜாபை விட்டார்கள். மெம்பர் பெயர் இல்லாமல் பிடிஎஸ்ஸுக்கு எழுதினால் எழுத்து டைரக்டரியின் மேலேயே போய் விழும். அதன்பின் மெம்பர்கள் டிராக்கில் இருந்தும் அவற்றைச் சுட்ட ஒன்றும் இருக்காது.

லிஸ்ட்டிஎஸ் 27920 காட்டியது. காலி மெம்பரை நீக்கினார்கள். ஒன்றிரண்டு மெம்பரைத் திறந்து பார்த்ததோடு நிற்கவில்லை. ஐஇபிகாப்பியில் எல்லா மெம்பரையும் ஒரு தற்காலிக பிடிஎஸ்ஸுக்கு நகலெடுத்து, ஒவ்வொரு பிளாக்கும் படிக்கப்படுகிறது என்று உறுதி செய்தார்கள். முந்தைய இரவின் காப்புப் பிரதியை வேறு பெயரில் மீட்டு, கட்டுப்பாட்டு மெம்பர்களை சூப்பர்-சி-யில் ஒப்பிட்டார்கள். பகலில் செய்த திருத்தங்கள் மட்டுமே வேறுபாடாக வந்தன. நாள்காட்டி ஸ்டெப்பிலிருந்து டிசிபி வரியை எடுத்தார்கள். பேட்ச் தொடர்ந்தது.

## இரண்டாம் இரவு

நகலெடுக்கும் ஜாப் ஆறேழு ஸ்டெப் தாண்டியதும் எஸ்இ37-04. லேபிள் சரியாகவே இருந்தது; இம்முறை லைப்ரரியில் இடம் இல்லை.

கணக்கு எளிது. நிகழ்வுக்கு முன் சுமார் 380 டிராக் பயன்பாட்டில் இருந்தது. 80 பைட் பிளாக்கில் எழுதிய மூன்று மெம்பரும் 6, 116, 200 என்று 322 டிராக் சேர்த்தன. 702. உச்சம் 750. அன்றிரவுக்கு வேண்டியது 57 டிராக், இருந்தது 48. விகித அட்டவணையும் கிளைப் பட்டியலும் வழக்கமான அளவில் எழுதப்பட்டு முடிந்தன. அவற்றுக்குப் பின் வந்த சிறிய மெம்பர் ஒன்றுக்கு இடம் பற்றவில்லை.

முதல் இரவு லேபிளைச் சரிசெய்த கையோடு ஐஎஸ்பிஎஃப்பில் டேட்டாசெட் தகவல் திரையை ஒருமுறை பார்த்திருந்தால் எக்ஸ்டென்ட் எண்ணிக்கை உச்சத்தை நெருங்கியிருப்பது தெரிந்திருக்கும். பிளாக்சைஸ் வரிக்குச் சில வரிகள் தள்ளி அதே திரையிலேயே அது இருக்கிறது.

இப்போது கம்ப்ரஸ் செய்யலாம், லேபிள் உண்மையைச் சொல்கிறது. காப்பு எடுத்தார்கள்; டிஸ்ப்=ஓல்ட் வைத்து, உள்ளீடும் வெளியீடும் ஒரே டிடி-யாகக் கொடுத்து ஐஇபிகாப்பியை ஓட்டினார்கள். 80 பைட் பிளாக்கில் இருந்த பெரிய நகல்கள் இரண்டும் அதற்குள் செத்த இடமாகிவிட்டிருந்ததால் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது. நாள்காட்டி மட்டும் இன்னும் பழைய சிறு பிளாக்குகளில் இருந்தது. கம்ப்ரஸ் பிளாக்குகளை நகர்த்துமே தவிர அளவை மாற்றாது. நின்ற ஸ்டெப்பிலிருந்து ஜாபை மறுபடி விட்டதும் கடைசி ஸ்டெப் அதையும் 27920-இல் எழுதியது. கம்ப்ரஸ் செய்தாலும் எக்ஸ்டென்டுகள் திரும்பப் போகாது என்பதால் லைப்ரரி அந்த அளவிலேயே நின்றது. அது தொந்தரவாகக் கருதப்படவில்லை.

## மாற்றியவை

ஏற்கெனவே இருக்கும் பிடிஎஸ்ஸுக்கு எழுதும் டிடி வரியில் ரெக்எஃப்எம், எல்ரெக்எல், பிளாக்சைஸ் மூன்றில் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதியானது. லைப்ரரிக்கு அதன் வடிவம் தெரியும், சொல்லித்தர வேண்டியதில்லை. டிசிபி வேண்டியது லைப்ரரியை உருவாக்கும் ஸ்டெப்பில் மட்டும். லேபிள் திருத்தும் ஜாப் ஒன்றே விதிவிலக்கு. அது தனியாகப் பூட்டி வைக்கப்பட்டது.

இந்த விதிக்கு எதிரான ஜேசிஎல் வேறு எங்கே இருக்கிறது என்று தேடியபோது மூன்று வகைக் கண்டுபிடிப்புகள் வந்தன.

எதிர்பார்த்தபடியே பழைய டிசிபி வரிகள் சில இருந்தன. பெரும்பாலானவற்றில் லேபிளில் இருந்த அதே மதிப்பே இருந்ததால் இதுவரை சேதம் இல்லை. யாராவது லைப்ரரியை வேறு பிளாக்சைஸில் மறுபடி உருவாக்கும் நாளில் அவையும் வெடித்திருக்கும்.

இன்னொரு ஜாபில் சிஸ்யுடி2-இன் டிஸ்ப் (ஓல்ட்,கீப்,டெலீட்) என்று இருந்தது: தனியே பிடி, நல்லபடி முடிந்தால் வைத்திரு, அபெண்ட் ஆனால் நீக்கு. இதுவும் புதுக் கோப்பு உருவாக்கும் ஸ்டெப்பிலிருந்து வந்த எச்சம். அபெண்ட் ஆனால் அந்த மெம்பர் மட்டும் நீங்கும் என்று எழுதியவர் நினைத்திருக்கலாம். டிஸ்ப் மெம்பரை அறியாது, டேட்டாசெட்டைத்தான் அறியும். அந்த ஸ்டெப்பில் எஸ்இ37 வந்திருந்தால் லைப்ரரி முழுதும் போயிருக்கும். எங்கள் கணிப்பில் நடந்து முடிந்த நிகழ்வைவிட இது பெரிய ஆபத்து.

மூன்றாவது வகை ஜேசிஎல்-லில் தெரியாது. மெம்பரில் எழுதும் கோபோல் மொழி புரோகிராம் ஒன்றில், பிளாக் அளவைச் சொல்லும் பிளாக் கன்டெய்ன்ஸ் வாசகமே இல்லை. அதை விட்டால் கோபோல் அந்தக் கோப்பை பிளாக் செய்யாததாக எடுத்துக்கொள்ளும். புரோகிராம் சொல்வது டிடி-யையும் லேபிளையும் மீறும் என்பதால் இதே சேதம் அப்படியே நடக்கும். அளவை டிடி அல்லது லேபிளிடம் விடும் பிளாக் கன்டெய்ன்ஸ் 0 ரெக்கார்ட்ஸ் என்று சேர்த்து மறுபடி கம்பைல் செய்தார்கள்.

நகலெடுக்கும் ஜாபின் கடைசியில் ஒரு சிறு ரெக்ஸ் (ஸ்கிரிப்ட் மொழி) ஸ்டெப் சேர்ந்தது. டேட்டாசெட் விவரம் தரும் லிஸ்ட்டிஎஸ்ஐ-யைக் கூப்பிட்டு பிளாக்சைஸும் எல்ரெக்எல்லும் எதிர்பார்த்த மதிப்பில் இருக்கின்றனவா, பயன்பாட்டில் உள்ள டிராக்குகள் உச்சத்தை நெருங்கிவிட்டனவா என்று பார்க்கும். முதலாவது தவறினால் ரிட்டர்ன் கோட் 16. படிக்கும் ஜாப் தொடங்காது. இரண்டாவதற்கு எச்சரிக்கை மட்டும். ஐஇபிஜெனரின் 0, எழுதி முடித்தேன் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. அதனால் இந்தச் சோதனை தனியாக வேண்டியிருக்கிறது.

பணிக் கையேட்டில் எஸ்001-4-க்கான பக்கம் மாற்றி எழுதப்பட்டது. பிடிஎஸ் மெம்பரில் இது வந்தால் முதலில் லிஸ்ட்டிஎஸ். காரணம் தெரியும்வரை எந்த நகலெடுப்பையும் மறுபடி ஓட்டாமல் இருப்பது அடுத்தது. பிளாக்சைஸ் மாறியிருந்தால் உள்ளீட்டு டிடி-யில் பழைய மதிப்பைக் கொடுத்து ஒரு மெம்பரைப் படித்துப் பார்ப்பதும், அது வெற்றி பெற்றால் டம்ப் எடுத்துவிட்டு லேபிள் ஜாபை ஓட்டுவதும் அதன் பின்.

லைப்ரரியை பிடிஎஸ்ஸின் புதிய வடிவமான பிடிஎஸ்இ-யாக மாற்றும் யோசனையும் ஏற்கப்பட்டது. டிஎஸ்என்டைப்=லைப்ரரி என்று உருவாக்கினால் ரெக்கார்டுகள் 4 கேபி பக்கங்களில் சேமிக்கப்படும்; பிளாக் என்பது படிக்கும்போது கட்டித் தரப்படுவது மட்டுமே. பிளாக்சைஸ் மாறினாலும் பழைய மெம்பர் படிக்க முடியும், கம்ப்ரஸ் தேவையில்லை, இரண்டு ஜாப்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெம்பர்களுக்கு எழுதலாம். மாற்றம் உடனே நடக்கவில்லை. லைப்ரரியைப் படிக்கும் அசெம்பிளர் புரோகிராம் ஒன்று எக்ஸ்சிபி என்ற கீழ்மட்ட வழியாக டிராக் முகவரியை நேரடியாகக் கணக்கிட்டுப் படிக்கிறது. பிடிஎஸ்இ-யில் அது ஓடாது. அதை, மெம்பர்களைப் படிக்கும் வழக்கமான முறையான பிபிஏஎம்-க்கு மாற்றி எழுதும் வேலை முடியும்வரை லைப்ரரி பிடிஎஸ்ஸாகவே இருக்கிறது. வாரம் ஒருமுறை ஓடிய கம்ப்ரஸ் இப்போது காப்புப் பிரதிக்கு அடுத்தபடியாக, நகலெடுக்கும் ஜாபுக்கு முன்னால், ஒவ்வொரு இரவும் ஓடுகிறது.